மரங்கொத்தியாரின் தலைமை நாள்

தொழில் தெரிந்தவர்களுக்கு ஊரை நடத்தவும் தெரிய வேண்டும் என்று, ஒரு தோப்பில் பறவைகளுக்குத் தலைமைப் பயிற்சி தொடங்கினார்கள். தச்சுவேலையில் பேர்போன மரங்கொத்தியாருக்கும் அதில் இடம் கிடைத்தது. முதல் நாள் தலைமையும் அவருக்கே என்றதும், அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அணிலம்மாவின் பொந்து வெடித்திருந்தது. உள்ளே கண் திறவாத பிள்ளைகள்; அவளோ இரை தேடப் போயிருந்தாள். வானமோ இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன் வெடிப்பை மூடுவதே அன்றைய பணி.

"எல்லாரும் ஒதுங்குங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்!" என்று மரங்கொத்தியார் கொத்தத் தொடங்கினார். கொத்தக் கொத்த வெடிப்பு அகன்றது.

"தலைவர் இன்னும் நாலு கொத்துக் கொத்தினால், அணிலம்மா வீட்டுக்குப் புறவாசலும் ஆச்சு!" என்றது காகம்.

"அண்ணே, சுற்றியிருக்கும் கொடியோடு சேர்த்து இலையைத் தைத்துவிடலாம்," என்றது தையல்சிட்டு. "இழுத்துப் பிடிக்கத்தான் பலமான அலகு ஒன்று வேண்டும்."

கிடைத்த பதவியை முதல் நாளே ஒரு சிட்டிடம் கொடுப்பதா? மரங்கொத்தியார் தயங்கினார். உள்ளே பிள்ளைகள் கீச்சிட்டன.

"நீ சொல்லு தங்கச்சி, நான் பிடிக்கிறேன்," என்று தேக்கிலையைக் கவ்விக்கொண்டார். காகம் நார் கொண்டுவந்தது. சிட்டு தைத்தது.

கடைசித் தையலின்போது மழை கொட்டியது. தொப்பலாக ஓடிவந்த அணிலம்மா, நனையாத பிள்ளைகளைத் தடவிப் பார்த்தாள்.

"மகராசராய் இருங்கள்! இதை முன்னின்று நடத்திய தலைவர் யார்?"

காகமும் சிட்டும் ஒரே பக்கம் சிறகை நீட்டின. அந்தப் பக்கம் மரங்கொத்தியார். அலகில் இன்னும் இலை இருந்தது. சிவந்த கொண்டை மட்டும் அந்த மழையிலும் நிமிர்ந்து நின்றது.