கறுப்பு கழன்ற இடம்

சூட்டு இயந்திரத்திலிருந்து அரைக்கைப் பனியன் வெறுமையாக வெளியே வந்து விழுந்தது.

கறுப்பு. நெஞ்சுப் பகுதியில் சாம்பல் படிந்தாற்போல ஒரு மங்கல். எழுத்து இல்லை.

அவள் அதை எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். திருப்பியும் பார்த்தாள்.

"ஏனுங்கம்மணி, இப்படியே வித்துப்போடலாமுங்க," என்றார் பிரிண்டிங் பட்டறைக்காரர் நாச்சிமுத்து. "படிக்கத் தெரியாதவங்களுக்கும் ஆகும்."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பூங்கோதை சிரிக்கவில்லை.

நாவல் அவருடையது. அச்சாக வேண்டிய வரியும் அவருடையது. ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: துணியைத் தடவினால் எழுத்து கைக்குத் தட்டக் கூடாது. நெஞ்சில் பிளாஸ்திரி ஒட்டினாற்போல என் வரி இருக்குமென்றால், வேண்டவே வேண்டாம் என்றிருந்தார்.

நாளை மறுநாள் புத்தகத் திருவிழா. சினிமா வசனம் அச்சிடுகிற ஊரில் நாவல் வரிகளை அச்சிடுகிறவள் அவள். அவளுடைய பனியன்களுக்கென்று முதல் முறையாக ஒரு கடை கிடைத்திருக்கிறது. தைத்து மூட்டையாகக் கிடப்பதெல்லாம் இந்தக் கறுப்புதான். வரி ஏறாவிட்டால் கடையில் தொங்கவிட ஒன்றுமில்லை.

ஏறுவது என்று சொல்வதுகூடத் தவறு.

சாதாரண மை, துணியின் மேல் ஏறி உட்காரும். காய்ந்தால் ரப்பர் போல ஒரு தோல். கைக்குத் தட்டுவது அதுதான். இந்தப் பசை வேறு மாதிரி. இது எதையும் சேர்ப்பதில்லை. கறுப்புத் துணியில் இழுத்துவிட்டால் ஈரமாகத் தெரியும், அவ்வளவுதான். சூடு பட்டதும், தான் தொட்ட இடத்தில் மட்டும் சாயத்தைக் கழற்றிவிடும். கறுப்பு போன இடத்தில் பருத்தியின் சொந்த நிறம் நிற்கும். நாம் எழுத்தென்று படிப்பது அந்த நிறத்தைத்தான்.

தடவினால் எப்படித் தட்டும்? அங்கே துணி மட்டும்தானே இருக்கிறது.

இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் எழுத்து வரவில்லை.

"இந்தச் சாயம் கழலாதுங்க. பேசாம ரப்பர் மையில போட்டுரலாம்," என்றார் நாச்சிமுத்து.

பூங்கோதை கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மேசையில் அடுத்த பனியன் காத்திருந்தது. அவளே பசை இழுத்தது. மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பட்டறைப் பழக்கம். ஈரத்தோடு எதுவும் சூட்டு இயந்திரத்துக்குப் போகக் கூடாது, எழுத்து இழுவிவிடும். இங்கே தொழில் பழகிய எவருக்கும் கை தானாக விசிறியின் சுவிட்சுக்குப் போகும். அவளுக்கும் போயிருந்தது.

பசைமேல் விரலை வைத்தாள்.

காய்ந்திருந்தது.

அவள் அப்படியே நின்றாள்.

சூடு மட்டும் போதாது. ஈரம் ஆவியாகி நூலுக்குள் புகுந்தால்தான் பசை வேலை செய்யும். தண்ணீரில்லாமல் அரிசியை அடுப்பில் வைத்தால் வறுபடும், வேகாது.

வறுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

விசிறியை நிறுத்தினாள்.

புதுப் பனியன். எழுத்துள்ள வலைச் சட்டத்தை அதன்மேல் இறக்கி, பசையை ஒரே இழுப்பில் இழுத்தாள். ஈரம் மினுங்கியது. தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கி, அப்படியே இயந்திரத்தின் ஓடும் பட்டையில் மல்லாத்தினாள்.

"இழுவிப்போடுமுங்க."

"இழுவுனா இழுவட்டுங்ண்ணா."

பட்டையின் வேகத்தைக் குறைத்தாள். பனியன் மெல்ல உள்ளே போனது.

அழுகிய முட்டை போல ஒரு வாடை எழுந்தது. பூங்கோதை துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினார். அவள் ஆழமாக இழுத்து முகர்ந்தாள். முதல் தடவை இந்த வாடை வரவில்லை.

மறுமுனையில் கழுத்துப் பட்டி வந்தது.

தோள் வந்தது.

வரி வந்தது.

அவர்கள் எடுத்தது போக
மிச்சம் இருப்பவள் நான்

வெண்ணெய் நிறம். எங்கும் இழுவவில்லை. சுழி ஒவ்வொன்றும் சுழியாக இருந்தது.

நாச்சிமுத்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் துணியை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். போய் அடுத்த மேசையின் விசிறியையும் நிறுத்தினார்.

பூங்கோதை எழுந்து வந்தார். கண்களை மூடிக்கொண்டார். உள்ளங்கையால் மேலிருந்து கீழாகத் தடவினார். பிறகு குறுக்கே.

"எங்க இருக்குது?"

அவர் கை வரியின் மேல்தான் இருந்தது.

வாயைத் திறந்தால் அவள் கத்திவிடுவாள் போலிருந்தது.

பூங்கோதை கண் திறந்து பார்த்தார். பனியனை உதறி, சுடிதாருக்கு மேலேயே மாட்டிக்கொண்டார்.

"துவைச்சுட்டுப் போடோணுமுங்க. வாடை அடிக்கும்," என்றாள்.

"அடிக்கட்டும். வா, டீ குடிக்கலாம்."

டீக்கடை வாசலில் பக்கத்துக் கம்பெனித் தையல்காரப் பெண்கள் நின்றிருந்தார்கள். இடைவேளை. பூங்கோதை பெஞ்சில் உட்கார்ந்தார். தலைமுடியில் நூல் பிசிறு ஒட்டிய ஒருத்தி டம்ளரோடு எதிரே வந்து நின்றாள். உதடு அசைய, நிதானமாக, வரியைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

பிறகு பனியனை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தாள்.

"யாருங்கக்கா எடுத்தது?"

வரியை அச்சிட்டவள், அந்த நாவலுக்கு வந்த விமர்சனங்கள் எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். ஒன்றிலும் இந்தக் கேள்வி இல்லை.

பூங்கோதை பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

உட்காரும் முன், மின்கம்பத்தடியில் தனியாக நின்று பனியனையே பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தியை அந்தப் பெண் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

பூங்கோதை இன்னும் கொஞ்சம் நகர்ந்தார்.