இரண்டாவது பிழை

"கெர்னல்ல இருக்கிற நாலு கோடி வரியையும் என்னோட நாலு வரி காவல் காக்கும், வாலஸ். தப்பான பொருள் எந்தப் பட்டியலுக்குள்ளயும் நுழைய முடியாது. ஏற்கெனவே நுழைஞ்சிருந்தா காட்டிக்கொடுத்துடும்."

டோரீன் இப்படிச் சொன்னதும் வாலஸ் டோனட்டைக் கீழே வைத்தார். அந்தப் போர்ட்லண்ட் அலுவலகத்தில் யார் எழுதிய நிரலையும் சேர்ப்பதும் தள்ளுவதும் அவர் கையில். கால்குலேட்டரில் ஒன்றும் ஒன்றும் கூட்டிவிட்டு, விரல்விட்டுச் சரிபார்க்கிற மனிதர். அவர் முறைத்தால் கம்ப்யூட்டருக்கே வியர்க்கும்.

சர்வர்களை இயக்கும் அடிப்படை நிரலான கெர்னலில் எல்லாப் பட்டியலுக்கும் ஒரே மாதிரிக் கொக்கிதான். எதில் எதைக் கோத்துவிட்டாலும் அது எழுதப்பட்ட சி மொழி கண்டுகொள்ளாது. மாதம் ஒருமுறை வாடிக்கையாளர்களின் சர்வர்கள் படுத்துக்கொள்வது அதனால்தான் என்பது டோரீனின் கட்சி. அவள் வேலைக்குச் சேர்ந்த மாதத்திலிருந்துதான் படுக்கின்றன என்பது வாலஸின் கட்சி. இன்று நிரூபிக்காவிட்டால் திங்கள் முதல் அவளுக்குக் கையேடு எழுதும் வேலை.

அவளுடைய உத்தி எளிது. ஒவ்வொரு பட்டியலும் தன்னிடம் எந்த வகைப் பொருள் இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வேறு வகை வந்தால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், அது ஓடுவதற்கு முன்பே நிறுத்திவிடும்.

வாலஸ் அவளை ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். மழைத்துளிகளை எண்ணச் சொல்லாததுதான் பாக்கி. எங்கோ ஒரு மூலையில் தவறான பொருள் ஒன்றைச் செருகிவிட்டு, கம்பைலரை ஓட்டினார்.

நின்றது. டோரீன் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு பிழை காட்டுது."

"நான் வச்சது ஒண்ணுதான். இன்னொண்ணு நீ வச்சியா?"

"நான்தான் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேனே. என் முதுகுக்கு டைப்பிங் தெரியாதுப்பா."

அப்போதும் நம்பாமல், அந்த இரண்டாவது வரியை யார், எப்போது எழுதியது என்று பழைய பதிவுகளைத் தோண்டினார். தேதி, டோரீன் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய வாரம். பெயரைப் படித்தவர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி படித்தார். துடைக்கத் துடைக்க அது இன்னும் பளிச்சென்றுதான் தெரிந்தது.

"யாராம்?" என்றாள் டோரீன்.

வாலஸ் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவளுடைய நாலு வரியைச் சேர்த்துவிட்டு, அலுவலகம் முழுவதற்கும் ஒரு மெயில் தட்டினார்:

"டோரீன் சொன்னது அப்படியே நடந்தது, நானே பார்த்தேன். மாதாமாதம் சர்வர்களைச் சாய்த்த வரி, நான் எழுதியது."