ஓட்டை இல்லாத பெட்டி

“ஓட்டை இல்லாத பெட்டியே போதுங்க,” என்றாள் உமாதேவி. கடை முழுக்க ஏசி குளிர். அவள் கழுத்து மட்டும் வியர்த்து வடிந்தது.

தேனி பஜாரில் அந்தக் கடை மேஜைமேல் இரண்டு கேம் பெட்டிகள் இருந்தன. கறுப்பு சின்னதாக, கைக்கு அடக்கமாக. வெள்ளை, நட்டுவைத்த கல் மாதிரி. இரண்டையும் சுவர் அகல டிவியில் மாட்டியிருந்தாள் விற்பனைப் பெண் பிரின்சி.

“கறுப்பு வெல கம்மி சார். மாசச் சந்தா கட்டிட்டு, நெட்லயே கேம எறக்கி வெளையாடலாம். வெள்ளையில படம் இன்னும் பளிச்சுன்னு இருக்கும். சினிமா ரெண்டுலயும் பாக்கலாம், ஆனா டிஸ்க் போடணும்னா வெள்ளைதான். இந்தா, ஓட்டை இருக்கு பாருங்க.”

“இந்தக் காலத்துல யாருங்க டிஸ்க் பாக்குறாக?” என்று புருஷன் சுருளிராஜனைப் பார்த்தாள் உமாதேவி.

“அவ சொல்றது சரிதேன்,” என்று பின்னாலிருந்து மாமியார் ராமுத்தாயின் குரல் வந்தது. “ஓட்டை இருந்தா பல்லி பூந்துக்கிரும்லே.”

உமாதேவிக்குத் திக்கென்றது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பேச்சுக்கு மாமியார் ஒத்துப் பேசியதே இல்லை.

சுருளிராஜன் சிரித்தான். கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறவன்; வேலை ஓய்ந்தால் கார் ரேஸ் ஆடவேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. பையில் கைவிட்டு ஒரு தட்டையான டப்பாவை எடுத்தான்.

“அம்மா குளிக்கப் போன நேரமாப் பாத்து பீரோவுல இருந்து எடுத்தேன். நம்ம கல்யாண டிஸ்க்கு. இது எதுல ஓடுதோ அதேன் நம்ம வீட்டுக்கு. அப்பா நடமாடுறத ஒரு தடவ பாக்கணும்ல.”

ராமுத்தாயின் கை உமாதேவியின் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்த கை விடவில்லை. கோபத்தில்தான் பிடிக்கிறாள் என்று நினைத்தாள் உமாதேவி.

அந்த டிஸ்க்கில் என்ன இருக்கும் என்று உமாதேவிக்குத் தெரியும். அந்த வீட்டு வழக்கப்படி, தெருமுனைப் பிள்ளையார் முன்னால் ஏற்றித் தந்த காமாட்சி விளக்கை மணப்பெண் அணையாமல் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அன்றைக்கு வாசல்படியில் தலைகுனிந்து ஒரு பெருமூச்சு விட்டாள், பாவி மகள். சுடர் போய்விட்டது. உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு பூஜை அறைக்கு ஓடி, அங்கிருந்த விளக்கில் திரும்ப ஏற்றிக்கொண்டாள்.

யாரும் பார்க்கவில்லை. ஆனால் வீடியோக்காரர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

ஒரு வருஷம் திரும்புவதற்குள் மாமனார் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம்தான் டிஸ்க் வந்தது. அவர் முகத்தைப் பார்க்கலாமென்று எல்லோரும் உட்கார்ந்தால், மழையே காணாத பங்குனியில், டிவிடி பிளேயருக்குள் எப்படியோ தண்ணீர் இறங்கிக் கெட்டுக்கிடந்தது. டிஸ்க்கை ராமுத்தாய் நகைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். வருஷாவருஷம் திதி அன்று, “விளக்குல கொற இருந்துச்சுன்னா வீட்டுல உசுரு தங்குமா?” என்று தன்பாட்டில் முனகுவாள். கேட்கிற உமாதேவிக்குச் சோறு இறங்காது.

இன்றைக்கு அது ஊர் பார்க்கச் சுவர் அகலத்துக்கு ஓடப்போகிறது. நீதான் என் புருஷனைக் கொன்றாய் என்று அத்தை சொல்லிவிட்டால்?

“ஏங்க, வீரபாண்டிக்குப் போகணும்ல. கோயில்ல நட சாத்திருவாக,” என்றாள்.

“ஆமாலே. மொதல்ல சாமியக் கும்பிடுவோம். இது எங்க ஓடிப்போகுது?” என்றாள் ராமுத்தாய்.

“அஞ்சு நிமிசம்மா. நீங்க ரெண்டு பேரும் சேந்து பேசி இன்னைக்குத்தேன் பாக்குறேன்.”

பிரின்சி டிஸ்க்கை வெள்ளைப் பெட்டியின் ஓட்டையில் வைத்தாள். சர்ரென்று இழுத்துக்கொண்டது. மாரியாத்தா, இது மட்டும் ஓடாமப் போகட்டும், சித்திரைக்கு உனக்குத் தீச்சட்டி எடுக்கிறேன் என்று உமாதேவி உள்ளுக்குள் வேண்டினாள்.

ஓடியது. கடை முழுக்க நாதஸ்வரம் நிறைந்தது. வேட்டி மடிப்புக் கலையாமல், “வாங்க, வாங்க” என்று கைகூப்பியபடி மாமனார் வந்தார். சுருளிராஜன் டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

“பழைய டிஸ்க்குகூட எம்புட்டுத் தெளிவா இருக்கு பாருங்க சார்,” என்றாள் பிரின்சி.

விளக்கோடு மணப்பெண் வந்ததும் உமாதேவி கண்ணை மூடிக்கொண்டாள். மணிக்கட்டுப் பிடி இறுகியது. வளையல் சதையில் அழுந்தி வலி பொறுக்காமல் கண்ணைத் திறந்தாள்.

டிவியில் ராமுத்தாய் ஆரத்தித் தட்டோடு குனிந்தாள். தோளிலிருந்து சரிந்த பட்டு முந்தானை விளக்கின்மேல் விசிறிவிட்டுப் போனது. சுடர் இல்லை. பெருமூச்சு அதற்கப்புறம்தான் வந்தது.

டிவியில் இருந்த ராமுத்தாய் திரியைப் பார்த்தாள். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தாள். முந்தானையை இடுப்பில் வெடுக்கென்று செருகிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவள் போல ஆரத்தி சுற்றினாள்.

சுருளிராஜன் கண்ணில் விளக்கு படவே இல்லை. அவன் படத்தில் பின்னால் நின்ற அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். “வெள்ளையவே பில் போடும்மா,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

உமாதேவி மெல்லத் திரும்பினாள். ராமுத்தாயின் உதடு வெளுத்துக் கிடந்தது. மருமகள் முகத்தைப் பார்க்க முடியாமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“அந்தப் பழைய பிளேயருக்குள்ள தண்ணிய ஊத்துனது நாந்தேன், ஆத்தா.”