எட்டுச் சொட்டு

சிம்சிமாவின் காது முதலில் துடித்தது. பிறகு தோள். பிறகு உடம்பு முழுக்க உதறத் தொடங்கியது.

பல் பிடுங்க வந்த பூனை அது. ஈறு வீங்கி, வாய் நாறி, ஒரு வாரமாக மீன் துண்டை நக்கிவிட்டு நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. பத்து மணிக்கு மயக்க ஊசி போட்டு நான்கு கடைவாய்ப் பற்களை எடுத்துவிடுவதாக ஏற்பாடு.

இப்போது ஒன்பதே முக்கால். மயக்க ஊசியை நான் உறையிலிருந்தே எடுக்கவில்லை.

"வழியெல்லாம் இப்படித்தான் டாக்டர் தம்பி. ட்ராம்ல குளிருதாக்கும்னு என் சால்வையைப் போத்திக் கொண்டாந்தேன்" என்றாள் பஹீஜா அம்மாள்.

அலெக்ஸாண்ட்ரியா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் செய்கிறவள். அவளைப் போல் பத்துப் பேர் வந்தால் என் பிழைப்பு சுலபமாக இருக்கும் என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

வலிப்பை அடக்கும் மருந்தை ஏற்றினேன். உதறல் நிற்கவில்லை. பூனையின் பிடரியில் மயிர் எண்ணெய்ப் பிசுக்காக ஒட்டியிருந்தது.

"பிடரியில என்ன வச்சீங்க?"

"நீங்கதானே போன வாரம் அத்தனை பேர் முன்னாடி சத்தம் போட்டீங்க, தெள்ளுப்பூச்சியோட வந்தா மேசையில ஏத்த மாட்டேன்னு. எனக்கு மானமே போச்சு. இப்பப் பாருங்க, ஒண்ணுகூட இல்ல."

கைப்பையிலிருந்து ஒரு மருந்துக் குழாயை எடுத்து நீட்டினாள். கூடவே நான்காக மடித்த ஒரு சீட்டு.

என் கையெழுத்துத்தான். 'பெரிய நாய்க்கான சொட்டு மருந்து. ஊசிக்குழாயில் உறிஞ்சி, பூனைக்கு எட்டுச் சொட்டு.'

பூனைக்கென்று வரும் குட்டிக் குழாய் எங்கள் தெருவில் யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் பெரிய நாயின் குழாயை வாங்கி, வேண்டியதை மட்டும் உறிஞ்சி வைப்பது இங்கே வழக்கம். நான்தான் எல்லோருக்கும் அளவு எழுதிக் கொடுப்பேன். ஏழைகளின் டாக்டர் என்று பேர் வாங்கியது அப்படித்தான்.

மருந்தின் பெயரை மட்டும் எழுதுவதில்லை. இத்தனை வருடமாகக் கடைகளில் கிடைத்தது ஒரே மருந்து. எதற்கு எழுத வேண்டும் என்ற சோம்பேறித்தனம்.

"அந்தப் பழைய சரக்கு வரலையாம். கம்பெனிதான் வேற, மருந்து ஒண்ணுதான்னான் கடைக்காரன். நானும் மேல நாய்ப் படம் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் வாங்கினேன்."

நாய்ப் படம் இருந்தது. கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் பெர்மெத்ரின் என்றும் இருந்தது. நாய்க்கு அது ஒன்றும் செய்யாது. பூனைக்கு விஷம்.

பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டு வெந்நீரில் கழுவினேன். அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். வைத்த கொஞ்ச நேரத்தில் கழுவிவிட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடும். நேரம் ஆக ஆகக் கஷ்டம். உதறலைப் பார்த்தால் இதற்கு நேரம் ஆகிவிட்டிருந்தது.

பத்தரைக்கு உதறலோடு மூச்சும் அடங்கிவிட்டது.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொள்ளாமலே நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நான் ஏதாச்சும் தப்பாப் பண்ணிட்டேனா தம்பி?"

நீங்கள் இல்லை அம்மா, நான்தான் என்று சொல்லியிருக்கலாம். மேசைமேல் கிடந்த சீட்டை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

"இல்லம்மா. எல்லாம் பல்லுனாலதான். பல்லுல இருந்த சீழு ரத்தத்துல கலந்து தலைக்கு ஏறிடுச்சு. யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

இவ்வளவு சரளமாகப் பொய் சொல்ல வரும் என்று எனக்கே அதுவரை தெரியாது. என் மீதே அருவருப்பாக இருந்தது. அவள் மனசு நிம்மதியாகட்டும் என்றுதான் சொன்னேன் என்று அதையும் ஒரு பொய்யால் மூடிக்கொண்டேன்.

அவள் நம்பினாள். மூக்கைச் சிந்திக்கொண்டாள். சிம்சிமாவைச் சால்வையில் சுற்றிக் கூடையில் வைத்தாள். என் கையைப் பிடித்து, "அல்லா உங்க கைக்கு பரக்கத் தரட்டும்" என்றாள். கையை உருவிக்கொள்ளலாம் போல இருந்தது.

கதவருகே போனவள் நின்றாள்.

"நல்லவேளை, வீட்டுல இருக்கிற மூணுக்கும் பல்லு நல்லாருக்கு."

சிம்சிமாவைத் தவிர வேறு எதையும் அவள் என்னிடம் கொண்டுவந்ததே இல்லை. ஒற்றைப் பூனைக்காரி என்றுதான் நினைத்திருந்தேன்.

"மூணா? அதுங்களுக்கும் மருந்து வச்சீங்களா?"

"பின்ன? ஒண்ணுக்கு மட்டும் வச்சா மத்ததுகிட்டேருந்து திரும்ப ஏறிக்காதா? அளவு மாறாம ஆளுக்கு எட்டுச் சொட்டு."

"எத்தனை மணிக்கு வச்சீங்க?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது.

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். கூடையை மெல்லத் தரையில் வைத்தாள்.

"பல்லுதான்னீங்க. அதுக்கும் மருந்து வச்ச நேரத்துக்கும் என்ன தம்பி சம்பந்தம்?"