புதுவீட்டில் சரிந்த கற்கள்

திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி வைத்துத் தொழில் செய்யும் தீனதயாளன், புதுவீட்டுக்குப் பால் காய்ச்சிய கையோடு மனைவி பிரவீனாவை ஹம்பிக்குக் கூட்டிப்போனான். விஜயநகரத்து ராஜாக்களின் அரண்மனை இருந்த இடத்தில் அடித்தளக் கல்மேடை மட்டும்தான் மிச்சம். அந்த வெட்டவெளியில் ஓரிடத்தில் பிரவீனா சட்டென்று தலையைக் குனிந்து நடந்தாள்.

"ஏம்புள்ள குனியற?"

"வாசக்காலு தாழ்வா இருக்குதுங்க. இடிச்சுக்காதீங்க."

அவன் சிரித்துவிட்டான்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை, அவள் நைட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, துடைத்து வைத்த கூடத்தில் எதையோ தாண்டித் தாண்டி வந்தாள்.

"பாத்து வாங்க. கல்லு சரிஞ்சு கெடக்குது."

விளையாடுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தான். விளையாட்டு இல்லை. அவள் வெயிலுக்குக் கூசுகிறவள்போலக் கண்ணைச் சுருக்கி மேலே பார்த்தாள். கான்கிரீட் கூரை அப்படியேதான் இருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அவன் அவள் முன்னால் போய் நின்றான்.

"பிரவீனா, நான் இங்க நிக்கறேன் சாமி. என்னயப் பாரு."

"தெரியுதுங்க. பசியோட இருக்கறீங்க. இட்லி கொண்டாரேன்."

தட்டோடு வந்தவள் அவனைக் கடந்து போனாள். சுவரோர மூலையில் மண்டியிட்டாள். வெறும் தரையிலிருந்து பாரமான எதையோ இரண்டு கைகளாலும் மூச்சு வாங்க நகர்த்தினாள். பிறகு அந்த இடத்தில் மெதுவாகத் தட்டை வைத்தாள். தரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், தூங்குகிறவரை எழுப்புகிற குரலில் சொன்னாள்:

"எந்திரிங்க. ஆறிப்போகுது."