புது ஆள்

அவள் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே அவர் வாயில் வழிந்த ரத்தம் தெரிந்தது.

ரேஷன் கடைக்கு எதிரே, மின்கம்பத்தோடு சேர்த்து அவரைக் கட்டியிருந்தார்கள். சட்டை கிழிந்து தொங்கியது. காலடியில் ஒரு ரெக்சின் பை கவிழ்ந்து கிடந்தது. மண்ணில் பித்தளை பர்னர்கள், ரப்பர் குழாய், ஸ்க்ரூ டிரைவர்.

கேஸ் அடுப்பு பழுது பார்க்கிறவர்.

உச்சி வெயில். வேலைக்குப் போனவர்கள்கூடத் திரும்பி வந்திருந்தார்கள்.

"ஜெபக்கனி மேடம் வந்துட்டாங்க. வழிய விடுங்க."

கூட்டம் விலகியது. அவள் உள்ளே போனதும் மூடிக்கொண்டது.

போலீஸ் ஸ்டேஷனில் இந்த ஊர் அவள் பொறுப்பில் இருந்தது. வீடு வீடாக ஏறித் தன் போன் நம்பரைக் கொடுத்திருந்தாள். பிள்ளை பிடிக்கிற கும்பல் சுற்றுகிறது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியபோது, இதே இடத்தில் நின்றுதான் பேசினாள். பயப்படாதீர்கள். புது ஆள் யாராவது வந்தால் விட்டுவிடாதீர்கள், எனக்குப் போன் பண்ணுங்கள்.

விட்டுவிடவில்லை. போனும் பண்ணியிருந்தார்கள், அடித்த பிறகு.

"எம்பிள்ள கையப் புடிச்சு ரோட்டுல இழுத்துட்டுப் போறான் மேடம்."

மாசானத்தின் குரல் உடைந்திருந்தது. கையில் கடப்பாரை.

அவன் பிள்ளை தாயின் இடுப்பில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தது. தாய் அழுதுகொண்டிருந்தாள்.

"ரோட்டுக்கு வந்துருச்சு மேடம்," என்றார் கட்டுண்டவர். "லாரி வந்துச்சு. அதான் கையப் புடிச்சேன்."

பின்னாலிருந்து ஒரு கல் வந்தது. கம்பத்தில் பட்டுத் தெறித்தது.

அவர் சொல்வது உண்மை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதை இங்கே வாய்விட்டுச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. ஸ்டேஷன் ஜீப் தேர்த் திருவிழா பந்தோபஸ்துக்குப் போயிருந்தது. அது வந்து சேருகிறவரை கடப்பாரைக்கு முன்னால் ஒரு காக்கிச் சட்டை தாங்காது.

மாசானம் ஒரு அடி முன்னால் வந்தான்.

அவள் முந்திக்கொண்டாள். நேராகக் கம்பத்தை நோக்கி நடந்தாள்.

ஓங்கி அறைந்தாள்.

மெதுவாக அடித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். மறு கன்னத்திலும் அறைந்தாள். அவர் தலை கம்பத்தில் மோதியது.

"இவனத்தான் தேடிட்டு இருக்கோம்," என்றாள் திரும்பி நின்று. எல்லோருக்கும் கேட்கும்படி. "இவன் மேல நாலு கேஸு இருக்கு. எனக்கு இவன் உசுரோட வேணும். யாரும் கை வைக்கக் கூடாது."



யாரோ கை தட்டினார்கள். செல்போன்கள் உயர்ந்தன. மாசானம் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, அவனே கட்டை அவிழ்த்தான். அவர் கைகளைப் பின்னால் முறுக்கிக் கட்டி ஸ்கூட்டரில் தூக்கி உட்கார வைத்தான்.

"நல்லா விசாரிங்க மேடம்."

ஊர் கண்ணுக்கு மறைகிறவரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கருவேலங்காட்டு ஓரம் நிறுத்தினாள். அவர் கைக்கட்டின் முடிச்சு எளிதில் மசியவில்லை. ஒருவழியாக அவிழ்த்து, தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

"மேடம், எம்மேல என்ன கேஸு?"

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"ஐயோ, ஒரு கேஸும் இல்லண்ணே. உங்கள அங்கிருந்து வெளிய கொண்டாரணும்ல. அதுக்காகச் சொன்னது."

அவர் தலையாட்டினார். போலீஸ் எதைச் சொன்னாலும் ஆட்டுகிற தலையாட்டல்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. சுற்றுவட்டார ஊர்களுக்காக அவளே தொடங்கிய வாட்ஸ்அப் குழு. வீடியோவில் அவள் கை உயர்ந்து இறங்கியது. அவர் முகம் தெளிவாக, நெருக்கமாக. கீழே எழுதியிருந்தார்கள்: பிள்ளை பிடிக்கிறவன் சிக்கினான். போலீசே சொல்லிவிட்டது. எல்லா ஊருக்கும் அனுப்பவும்.

ஸ்டேஷனுக்குப் போக வேறு சாலை இல்லை. அடுத்த ஊரின் நடுவேதான் போக வேண்டும்.

வண்டிப் பெட்டியைத் திறந்தாள். இரவு ரோந்துக்குப் போடுகிற மஞ்சள் ஜாக்கெட் இருந்தது. அவரைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். தன் ஹெல்மெட்டைக் கழற்றி அவர் தலையை நோக்கி உயர்த்தினாள்.

அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டார்.

அந்தக் கைகள் இறங்குகிறவரை அவள் ஹெல்மெட்டை ஏந்தியபடியே நின்றாள். பிறகு மாட்டிவிட்டு, கண்ணாடியை இறக்கினாள்.

அடுத்த ஊரின் பஸ் நிழற்குடையில் ஏழெட்டுப் பேர் ஒரே போனைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார்கள். ஒருவன் சாலை நடுவே வந்து கையை நீட்டினான்.

வேகம் குறைந்ததும் பின்னாலிருந்து அவள் தோளை ஒரு கை இறுகப் பற்றியது.

"மேடம், அவன எங்க?"

"ஜீப்ல ஏத்தியாச்சு."

"இது?"

"எங்க ஸ்டேஷன் ஆளு."

அவன் ஜாக்கெட்டைப் பார்த்தான். ஹெல்மெட்டைப் பார்த்தான். கொஞ்சம் குனிந்தான். பிறகு சிரித்துக்கொண்டே ஒதுங்கினான்.

"வீடியோ பாத்தோம் மேடம். அடின்னா அது அடி!"

நிழற்குடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் முகத்தையே பார்த்தார்கள்.

அவளும் சிரித்தாள்.

வண்டி நகர்ந்தது. கடைசி வீடும் பின்னால் போனது. தோளில் இருந்த கை எப்போது விலகியது என்று அவளுக்குத் தெரியவில்லை.