சிவப்பு மூடி, நீல மூடி

“இருநூத்தி அறுபத்துநாலு மணி நேரம் ஆச்சுக்கா. பன்னெண்டும் உயிரோட இருக்கு” என்றாள் ஆய்வு மாணவி.

தொட்டி கழுவிக்கொண்டிருந்த ஆய்வுக்கூட உதவியாளர் அக்கா நிமிர்ந்தாள். “பதினோரு நாள்னு சொன்னா என்ன வாயாடி?”

நாளுக்கு நாலு வார்த்தை பேசாதவளுக்கு அக்கா வைத்த பெயர் அது. நாளைக்கு மாப்பிள்ளை வந்தால் அவன் தலைமுடியையும் எண்ணித்தான் சம்மதம் சொல்வாய் என்று மேலும் கேலி செய்தாள். மாணவிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓடையில் தவளைகளின் தோலைத் தாக்கும் பூஞ்சை பரவி, அந்த இனத்தில் மிஞ்சியவை பன்னிரண்டே. தொட்டிக்கு ஆறாக இரண்டு தொட்டிகள். ஆய்வுக்கூடத் தலைவி அவளிடம் இரண்டு பாட்டில்கள் தந்திருந்தார். சிவப்பு மூடி முதல் தொட்டிக்கு, நீல மூடி இரண்டாவதற்கு. தினமும் ஐந்து நிமிடக் குளியல். பிறகு தவளைகள் உரித்த தோலை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பூஞ்சைப் புள்ளிகளை எண்ண வேண்டும். எந்தப் பாட்டிலில் என்ன என்று மட்டும் கேட்கக் கூடாது.

கேட்க என்ன இருக்கிறது? ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் தண்ணீர். எந்தப் பாடப்புத்தகத்தைப் புரட்டினாலும் அப்படித்தான்.

ஐந்தாம் நாள் முதல் தொட்டியில் ஒரு தவளை மல்லாந்து கிடந்தது. திரும்பிப் படுக்கக்கூட அதற்குத் தெம்பில்லை. அப்படியென்றால் சிவப்புதான் தண்ணீர். மறுநாள் அவள் முதல் தொட்டிக்கு நீலத்தை ஊற்றினாள், இரண்டாவதற்குச் சிவப்பை. ஐந்து நாள் மருந்து பட்டவை இனித் தாங்கிக்கொள்ளும் என்று நினைத்தாள். கடைசி நாள் வரை அப்படியே. குறிப்பேட்டில் மட்டும் பழைய வரிசையையே எழுதி வைத்தாள்.

இன்று ஒரு தோலிலும் புள்ளி இல்லை.

தலைவி அறைக்கு அழைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “உன் கண்ணை நம்பித்தான் ஒப்படைச்சேன். ரொம்ப நன்றிம்மா.”

அந்த நன்றி அவளைச் சுட்டது. நேர்காணலில் வாயே திறக்கவில்லை என்று மூன்று இடங்களில் திருப்பி அனுப்பிய பிறகு, பேசத்தான் ஊரே இருக்கிறதே, எனக்கு எண்ணத் தெரிந்தவள்தான் வேண்டும் என்று சேர்த்துக்கொண்டவர் அவர்.

“மேடம், நான் ஏமாத்திட்டேன்.”

எல்லாவற்றையும் சொன்னாள். வாழ்நாளில் அவ்வளவு நீளமாக அவள் பேசியதில்லை.

“ஏன் என்கிட்ட வந்து கேக்கலை?”

“கேக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. அந்த ஆறும் வெறும் தண்ணியிலேயே செத்துடும்னு… பாத்துக்கிட்டு நிக்க முடியலை மேடம்.”

தலைவி குறிப்பேட்டை அவள் பக்கம் தள்ளினார். தப்பாக எழுதியதை அடித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். ஆறு நாளுக்கும் ஆறு வரி.

எழுதி முடித்து எழுந்தாள். வேலை போனாலும் போகட்டும், தவளைகள் பிழைத்துவிட்டன. ஆனால் இத்தனை மாதமாகத் தொண்டையில் நின்றதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

“என்னைச் சேத்துக்கிட்டதுக்கு நன்றி மேடம். அன்னைக்கே சொல்லியிருக்கணும்.”

“உக்காரு. எங்க கிளம்பிட்டே?” தலைவி அவள் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார். “பொய்யா எழுதினது பெரிய தப்பு. இனி ஒரு தடவை எழுதினா நானே வெளியே அனுப்பிடுவேன். ஆனா, போன வருஷம் நாப்பது தவளை மருந்தில்லாம நம்ம கண்ணு முன்னாடியே செத்துச்சு. ஒப்பிட்டுப் பாக்க அந்தக் கணக்கே போதும். மிச்சம் இருக்கறதே பன்னெண்டு. அதுல ஆறைச் சாகவிட எனக்கு மட்டும் மனசு வருமா?”

அவளுக்குப் புரியவில்லை.

“முன்னாடியே தெரிஞ்சா நீ ஆசையில குறைச்சு எண்ணிடுவேன்னுதான் ரெண்டு கலர் மூடி போட்டு உன்கிட்ட மறைச்சேன். ரெண்டு பாட்டில்லயும் ஒரே மருந்துதான்மா.”